பெயர் எழுதாத காசு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் என் பெறாமகன் வன்னித் தொகுதியில் ஒரு பட்டியலில் நின்றான். வெல்லவில்லை. காசுக் கொப்பி என் கையில்தான் இருந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பி உண்டியலில் கொஞ்சம் அனுப்பினான். அங்கே பதிவு செய்த அவர்களுடைய ஊர்ச் சங்கமும் ஒரு தொகை தந்தது. இங்கே கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இருபதாயிரம் எடுத்தோம். ஆலைக்காரர் லொறி தந்தார். றோட்டு வேலை எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர் ஐந்து இலட்சம் கொண்டுவந்து, "ரீச்சர், என்ரை பேரை மட்டும் எழுதிப் போடாதையுங்கோ" என்றார். எழுதவில்லை. அடுத்த முறையும் நிற்கப் போகிறேன் என்கிறான் பெடியன். கொந்தராத்துக்காரர் இப்போதே இன்னும் கூடத் தரத் தயாராக நிற்கிறார். வாங்கலாமா? கனடாவில் ஒரு ஆள் இவ்வளவுதான் கட்சிக்குக் கொடுக்கலாம் என்று வரம்பு இருக்காம், இங்கே அப்படி ஒன்றும் இல்லையா என்று தம்பியும் கேட்கிறான். கொப்பியை எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லித் தாருங்கள்.
— கொப்பிக்காரி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

கொந்தராத்துக்காரரிடம் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் மற்ற எல்லாவற்றுக்கும் "ஆனால்" போட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இதற்கு மட்டும் "ஆனால்" இல்லை. ஏன் என்பதைச் சொல்ல, தம்பியின் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

தம்பி சொல்வது சரி. கனடாவில் 2024ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு மத்திய கட்சிக்கு 1,725 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆண்டுக்கு 25 டொலர் ஏறும், 2025இல் 1,750 ஆனது. கம்பனியோ தொழிற்சங்கமோ ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ள தனி ஆட்கள் மட்டும் கொடுக்கலாம். அங்கே செலவுக்கும் வரம்பு உண்டு, கொடைக்கும் வரம்பு உண்டு. எங்கள் நாட்டில் செலவழிக்கிற கைக்குத்தான் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கொடுக்கிற கையைப் பார்த்து "நீ யார்" என்று சட்டம் கேட்கிறது, "எவ்வளவு" என்று கேட்கவில்லை.

அந்தச் சட்டம் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம். 2023 ஜனவரியில் நிறைவேறியது. அதற்கு முன் நிலைமை என்ன என்று உங்களைப் போல வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். 1946ஆம் ஆண்டின் பழைய தேர்தல் சட்டத்தில் வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. விகிதாசார முறை வந்து, 1981இல் புதிய பாராளுமன்றத் தேர்தல் சட்டம் எழுதியபோது அது விடுபட்டுப் போனது. நாற்பது வருடத்துக்கு மேல் யார் எவ்வளவு கொட்டினாலும் கேட்க ஆளில்லை. அதே விகிதாசார முறைதான், பட்டியலுக்குள் எந்த ஆள் வேண்டும் என்று வாக்காளர் குறிக்கிற விருப்பு வாக்கையும் கொண்டுவந்தது. உங்கள் பெறாமகன் எதிர்க்கட்சியோடு மட்டுமா போட்டியிட்டான்? வன்னிக்கு ஆறு ஆசனம், பட்டியலில் ஒன்பது பேர். தன் பட்டியலிலேயே உள்ள மற்ற எட்டுப் பேரையும் அவன் முந்த வேண்டியிருந்தது. கட்சி ஒரு போஸ்ரர் அடித்தால் இவன் தன் இலக்கத்தைப் போட்டு இன்னொரு போஸ்ரர் அடிக்க வேண்டும். வேட்பாளர் தனித்தனியே காசு தேடி அலையும் நிலை அங்கேதான் தொடங்குகிறது.

புதிய சட்டத்தின் முதற் பரீட்சை 2024 செப்ரெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். தேர்தல்கள் ஆணைக்குழு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வைத்தது. பதிவான வாக்காளர் 17,140,354 பேர். பெருக்கிப் பாருங்கள்: ஒரு வேட்பாளருக்கு 186 கோடியே 82 இலட்சத்துச் சொச்சம். அதில் 60 வீதம் வேட்பாளர் செலவழிக்கலாம், 40 வீதம் கட்சிச் செயலாளர். அது வரம்பா, விருந்தா என்று நானும் யோசித்தேன். பாராளுமன்றத் தேர்தலுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு தொகை போட்டார்கள், அடிப்படை அதே வாக்காளர் கணக்குத்தான். வேட்புமனு 2024 ஒக்டோபர் 11இல் முடிந்த பிறகுதான் வர்த்தமானியில் தொகையே வந்தது. ஓடத் தொடங்கிய பிறகு ஓடுபாதையின் நீளத்தைச் சொன்ன மாதிரி.

வன்னிக்கு இந்த வாக்காளர் கணக்கு முழுதாகப் பொருந்தாது என்பது என் நெடுநாள் குறை. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றையும் சேர்த்தால் 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேல் வரும். வாக்காளர் மூன்று இலட்சத்துச் சொச்சம். கொழும்பு மாவட்டம் 700 சதுர கிலோமீற்றருக்குள், வாக்காளர் 17 இலட்சத்துக்கு மேல். கொழும்பில் ஒரு மாடிக் குடியிருப்பு வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் ஆயிரம் பேரைப் பார்க்கலாம். இங்கே காலையில் முருங்கனில் ஒரு கூட்டம், பின்னேரம் கொக்கிளாயில் ஒரு கூட்டம் என்றால் இடையில் இருப்பது காடும் குளமும் டீசலும்தான். உங்கள் கொப்பியைத் திறந்தால் பாதிக்கு மேல் எரிபொருளாக இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். இருந்தும், எங்கள் பக்கத்துப் பெடியன்கள் வரம்பைத் தாண்டி மாட்டிக்கொள்வது அரிது, வரம்பைத் தொடுகிற அளவுக்கே காசு வராது. அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடிய இடம், வந்த காசு யாருடையது என்ற கேள்வி.

யார் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அரச திணைக்களம், அரச கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு, வெளிநாட்டில் பதிந்த நிறுவனம் கொடுக்கக் கூடாது. இங்கேயே பதிந்த கம்பனி என்றாலும், பங்கில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்தால் அதுவும் கூடாது. கடைசியாக, தான் யார் என்று வெளியே தெரிய விடாத ஆளிடமிருந்து வாங்கக் கூடாது. உங்கள் கொந்தராத்துக்காரர் நிற்பது இந்தக் கடைசி வரியில்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். எங்கள் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாவிட்டால் கோபிக்கிற ஆட்கள் நாங்கள். "கட்டட நிதிக்கு லண்டன் வாழ் இன்னார் குடும்பம் ஒரு இலட்சம்" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், கல்லிலும் வெட்ட வேண்டும். அதே ஆள் தேர்தலுக்குக் காசு கொண்டுவரும்போது இருட்டின பிறகு வருகிறார், பெயர் எழுதாதே என்கிறார். கோயிலுக்குக் கொடுத்ததை ஊர் அறிய வேண்டும், வேட்பாளருக்குக் கொடுத்ததை வேட்பாளர் மட்டும் அறிய வேண்டும். ஏன்? கோயிலிடம் அவர் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

இந்தியாவில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2018இலிருந்து தேர்தல் பத்திரம் என்று ஒரு முறை நடந்தது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம், வாக்காளருக்குக் கொடுத்தவர் பெயர் தெரியாது. 2024 பெப்ரவரி 15இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்று தூக்கி எறிந்தது. கட்சிக்கு யார் காசு கொடுக்கிறார் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. பெரிய நாட்டின் கம்பனிகளுக்கும் ஒட்டுசுட்டான் கொந்தராத்துக்காரருக்கும் வித்தியாசம் தொகையில் மட்டும்தான்.

இனி கணக்காகவே பாருங்கள் ரீச்சர். ஐந்து இலட்சம் வந்தது, எழுதவில்லை. ஆனால் செலவழித்தீர்கள். செலவுப் பக்கத்தில் போஸ்ரர், மைக், வாகனம் எல்லாம் இருக்கிறது, வரவுப் பக்கத்தில் ஐந்து இலட்சம் குறைகிறது. இரண்டையும் சமப்படுத்த என்ன செய்வீர்கள்? ஒன்றில் செலவை மறைக்க வேண்டும், அல்லது வரவை வேறு யாருடைய பெயரிலாவது போட வேண்டும். பெரும்பாலும் கொப்பி வைத்திருப்பவரின் பெயரில்தான் போடுவார்கள். ஓய்வூதியத்தில் இருக்கும் ஆசிரியைக்கு ஐந்து இலட்சம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டால்? பெயர் எழுதாத காசு அங்கே உங்கள் காசாகி விடுகிறது. கொந்தராத்துக்காரர் வெளியே நிற்பார், நீங்களும் பெடியனும் உள்ளே நிற்பீர்கள்.

சரி, பெயரோடு தருகிறேன் என்று அவர் வந்தால்? அவர் வர மாட்டார் என்று நினைக்கிறேன், வந்தால் இரண்டு விடயம் கேளுங்கள். காசு அவருடையதா, கம்பனியுடையதா? கம்பனி என்றால் பங்குகள் யார் யார் பெயரில்? எங்கள் பக்கத்துக் கம்பனிகளில் சுவிஸ் மைத்துனர் பெயரிலும் நோர்வே அண்ணர் பெயரிலும் பங்கு இருப்பது புதினமல்ல. அந்த மைத்துனர் இப்போது அந்த நாட்டுப் பிரசையாகி, பாதிப் பங்கு அவர் பெயரில் என்றால் கம்பனியின் காசைத் தொடக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். றோட்டு வேலை எடுப்பவரிடம் வாங்கி, வென்ற பிறகு அவருக்கு ஒரு வேலைக்கு வாய்சொல்லிக் கொடுத்தால் விடயம் தேர்தல் சட்டத்தோடு நிற்காது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குள் போய் விழும். அந்தச் சட்டத்தின்படி வேட்பாளர் தன் சொத்து, பொறுப்பு விபரத்தையும் கொடுக்க வேண்டும் என்பதைப் பெடியனுக்கு ஞாபகப்படுத்துங்கள். கடைசி நாளில் காணி உறுதி தேடி அலைய வேண்டாம்.

தம்பியின் காசு வேறு, தம்பியின் சங்கத்துக் காசு வேறு. இரண்டையும் ஒரே வரியில் "கனடா" என்று எழுதியிருப்பீர்கள், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சங்கம் கனடாவில் பதிந்த ஒன்று. ஊர்ப் பெயர் முன்னால் இருக்கலாம், உறுப்பினர் எல்லோரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கலாம், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நிறுவனம். தேர்தலுக்கு அதன் காசு கூடாது. அவர்கள் பாடசாலைக்கு மேசை கதிரை வாங்கித் தரட்டும், குளக்கட்டுத் திருத்தட்டும், நன்றியோடு வாங்குவோம். தம்பி விடயத்தில் முதலில் அவருடைய கடவுச்சீட்டைப் பாருங்கள். இலங்கைக் குடியுரிமை இன்னும் இருந்தால் அவர் பெயரில், அவர் வங்கிக் கணக்கிலிருந்து இங்கே உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். கனடாக் குடியுரிமை மட்டும்தான் என்றால் அந்தக் காசைத் தேர்தலுக்குத் தொட வேண்டாம் என்பது என் ஆலோசனை. "சொந்தத் தம்பிதானே, மாமன் மருமகனுக்குக் கொடுக்கிறான்" என்பீர்கள். அந்த மாமன் கல்யாணத்துக்குக் கொடுக்கட்டும்.

உண்டியலை மறந்துவிடுங்கள். அது ஏற்கெனவே சட்டத்துக்குப் புறம்பான வழி, தேர்தலில் இன்னும் மோசம். ரொறன்ரோவில் தம்பி ஒருவரிடம் டொலர் கொடுக்கிறார், புதுக்குடியிருப்பில் முகம் தெரியாத ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து உங்களிடம் ரூபா கொடுக்கிறான். உங்கள் கைக்கு வந்த அந்த நோட்டு யாருடையது? தம்பியுடையது அல்ல. தம்பிதான் தந்தார் என்பதற்கு உங்களிடம் இருப்பது ஒரு வட்சப் செய்தி மட்டும். கோயில் உண்டியலுக்கும் இந்த உண்டியலுக்கும் ஒரே பெயர் வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறார். இரண்டிலும் போட்டவர் பெயர் இல்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத்து இருபதாயிரத்தைத் திருப்பிப் போடுங்கள். அது உறுப்பினர்களின் சேமிப்பும் சந்தாவும் சேர்ந்த காசு. அதில் வேறு வேட்பாளருக்கு வாக்களித்தவருடைய பங்கும் இருக்கிறது. தலைவரும் செயலாளரும் ஒத்துக்கொண்டது போதாது. ஆதரவாளர்கள் தனித்தனியே ஐந்நூறு, ஆயிரம் என்று தங்கள் பெயரில் தந்தால் அதைவிட நல்ல காசு இல்லை.

இனி லொறி. காசாக வராததெல்லாம் கொடையல்ல என்று நினைக்கிறோம், பெரும்பாலான கொப்பிகள் இங்கேதான் ஓட்டை. ஆலைக்காரர் லொறியைச் சும்மா தந்தார் என்றால், வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அந்தப் பெறுமதியை அவர் பெயரில் வரவாகவும், அதே தொகையைச் செலவாகவும் எழுத வேண்டும். அச்சகக்காரர் பாதி விலைக்கு அடித்துத் தந்த நோட்டீஸ், மைக் செற்காரர் வாங்காமல் விட்ட வாடகை, யாரோ ஒரு மச்சான் தன் கார்டால் முகநூலில் காசு கட்டி ஓடவிட்ட விளம்பரம் எல்லாம் இப்படித்தான். முகநூல் விளம்பரத்தை வெளிநாட்டு மச்சான்மார் மிகுந்த அன்போடு செய்து, சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். கூட்டத்துக்குப் பிரதேச சபைப் பவுசரில் தண்ணீர் வந்திருந்தால், அது பெறுமதி போட்டுத் தீர்க்கிற விடயமல்ல. அது வந்திருக்கவே கூடாது.

பிள்ளைகள் வெயிலில் வீடு வீடாக நடந்ததற்கு விலை போடச் சொல்லவில்லை. அவர்களுக்கு வாங்கிய சோற்றுப் பார்சலை எழுதுங்கள். அந்தப் பார்சல் வேலை செய்தவர்களோடு நிற்க வேண்டும். கூட்டத்துக்கு வந்த வாக்காளருக்குச் சாப்பாடும் போத்தலும் கொடுப்பது இந்தச் செலவுச் சட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஊழல் செயல். கொப்பியில் எழுதினாலும் குற்றம்தான்.

கொப்பி எழுதும் விதத்தை ஒரு கதையோடு சொல்கிறேன். நவம்பர் 14 தேர்தலுக்கான வரவு செலவு அறிக்கையை 2024 டிசெம்பர் 6க்குள் கொடுக்க வேண்டியிருந்தது, முடிவு வெளியானதிலிருந்து 21 நாள். வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே தவணை. "தோற்றுத்தானே போனேன், எனக்கு எதற்கு" என்று இருந்தவர்கள் பலர். இடையில் நவம்பர் கடைசி வாரம் வந்த வெள்ளம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிசெம்பர் 5ஆம் திகதி பொழுதுபட்ட பிறகு ஒரு வேட்பாளர் என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்தார், கையில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் பற்றுச்சீட்டுகள், எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, இடியப்பத் தட்டை நசித்தது மாதிரி. நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, மின்விசிறியைப் போட்டோம். காய்ந்தன. ஆனால் எரிபொருள் நிலையத்துச் சீட்டு சூட்டில் எழுத்து வருகிற தாள், பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்து, "இது மாங்குளத்தில் அடிச்சது, பத்தாயிரம்" என்றார். அடுத்ததையும் தூக்கினார், அதுவும் பத்தாயிரம். நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். ஞாபகத்தில் எழுதி வேட்பாளர் கையொப்பமிடும் கணக்கை நான் தயாரிக்க முடியாது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அவருடைய சாரதி. வாகனச் சொந்தக்காரருக்குக் கணக்குக் காட்ட, ஒவ்வொரு சீட்டையும் அடித்தவுடன் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பியிருந்தான் அந்தப் பெடியன். படத்தில் திகதியும் லீற்றரும் தொகையும் இருந்தன. மாங்குளத்தில் அடித்தது பத்தாயிரம் அல்ல, ஆறாயிரத்து நானூறு.

ஆகவே முதல் விதி, சீட்டு கைக்கு வந்தவுடன் படம். இரண்டாவது, பெடியன் பெயரில் தேர்தலுக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கு. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, உங்களுக்கு வேண்டும். கையில் வந்த காசையும் அன்றே அதில் வைப்பிலிடுங்கள். அச்சகத்துக்கும் வாகனத்துக்கும் அதிலிருந்து கொடுங்கள். மூன்றாவது, இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று. ஐந்நூறு ரூபா தருகிற அப்புவுக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுங்கள், அடிக்கட்டை உங்களிடம் இருக்கும். வேறு எதுவும் சொல்லாமலே, பெயர் எழுத விரும்பாதவர்களை அந்தப் புத்தகமே வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

கொப்பியில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவில் திகதி, தந்தவர் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், காசா பொருளா, தொகை அல்லது பெறுமதி, பற்றுச்சீட்டு இலக்கம். "ஆலைக்கார அண்ணை" என்று எழுத வேண்டாம். ஊருக்கு அவர் ஆலைக்கார அண்ணைதான், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அவர் ஒரு பெயரும் முகவரியும். செலவில் திகதி, யாருக்கு, எதற்கு, எந்த ஊரில், தொகை, சீட்டு இலக்கம். லொறி மாதிரிப் பொருட்கள் இரண்டு பக்கமும் வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோங்கள். அழிக்க வேண்டாம், பிழைத்தால் ஒரு கோடு கீறிப் பக்கத்தில் எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் சொன்னதுதானே. கிளிநொச்சிக் கூட்டங்கள் ஏதும் இருந்தால் அதற்கு ஒரு குறிப்புப் போடுங்கள். கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். அங்கே போய் டீசல் எரித்தது யாருக்காக என்று பிறகு உங்களுக்கே குழப்பம் வரும்.

பாராளுமன்றத் தேர்தல் அறிக்கை மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலருக்குப் போகும், வன்னிக்கு வவுனியாக் கச்சேரி. ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஆணைக்குழுவுக்கு. கட்சி தன் பங்கைத் தனியே கொடுக்கும், அதை நம்பி வேட்பாளர் சும்மா இருக்கக் கூடாது. கொடுத்த அறிக்கை அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்படுகிற தாளும் அல்ல, பொதுமக்கள் பார்வையிடலாம். உங்கள் பட்டியலிலேயே ஒன்பதாவதாக வந்தவர் பார்க்கலாம், அவருக்கு வேலை இல்லாமல் இருக்கும். வேண்டுமென்றால் நீங்களும் போய் மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். கொடுக்காமல் விடுவதும், பொய் என்று தெரிந்தே கொடுப்பதும், வரம்பை மீறுவதும் குற்றம். தண்டப் பணத்தைக் கட்டிவிடலாம், ஆனால் நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டால் வாக்களிக்கிற, போட்டியிடுகிற உரிமைக்கே இடைஞ்சல் வரும். அடுத்த முறை நிற்க ஆசைப்படுகிற பெடியனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு என்ன?

கடந்த முறை கொடுத்த அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. கேட்கவும் மாட்டேன். அதை ஆயிரம் பேர் வாசிக்கிற இடத்தில் பேச முடியாது, பேசவும் கூடாது. பெடியனைக் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் நேரே போங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. பழைய கொப்பியையும், கொடுத்த அறிக்கையின் பிரதியையும், தம்பியின் வட்சப் செய்திகள் உள்ள தொலைபேசியையும் கொண்டுபோங்கள். அதற்கிடையில் கொப்பியில் புதிதாக ஒரு எழுத்தும் எழுத வேண்டாம், ஒரு தாளும் கிழிக்க வேண்டாம். கொந்தராத்துக்காரர் இந்தக் கிழமை வந்தால், கொப்பி முடிந்துவிட்டது, இப்போது பற்றுச்சீட்டுப் புத்தகம்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.